அருவியின் மேல் ஒரு வீடு: ஃபாலிங்வாட்டரை எங்கே நின்று பார்ப்பது?

கரைவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கே கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஃபாலிங்வாட்டர் இல்லத்தின் பெயரும் வருகிறது. ஆனால் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடையின் கீழ்ப்புறத்தில் நின்று அண்ணாந்து எடுத்த படம் அது: வெளிர் மஞ்சள் நிறக் கான்கிரீட் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே நீண்டிருக்க, அவற்றின் அடியிலிருந்து அருவி விழுகிறது. 1937-இல் பில் ஹெட்ரிச் எடுத்த படத்துக்குப் பிறகு அந்தக் கோணத்தில் எத்தனை லட்சம் படங்கள் எடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. சென்ற இலையுதிர் காலத்தில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, அந்த ஒரு கோணமே வீட்டைப் புரிந்துகொள்ளத் தடையாக இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. அதை உங்கள் முன் வைத்து விவாதிக்க விரும்புகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பெரிய பல்பொருள் அங்காடி நடத்திவந்த எட்கர் காஃப்மனும் அவர் மனைவி லிலியனும் வார இறுதிகளைக் கழிப்பதற்காக, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் 1935-இல் வடிவமைத்த வீடு இது. பென்சில்வேனியாவின் தென்மேற்கில், மில் ரன் என்னும் சிற்றூரை ஒட்டிய காட்டில், பேர் ரன் என்ற ஓடையின் மேல் நிற்கிறது. முதன்மை வீடு 1937-இல் முடிந்தது. மேட்டில் உள்ள விருந்தினர் இல்லம் 1939-இல் கட்டப்பட்டது. தம்பதியரின் மகனான இளைய எட்கர் 1963-இல் இதை மேற்குப் பென்சில்வேனியா இயற்கைவளக் காப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். 1964 முதல் பொதுமக்கள் பார்த்து வருகிறார்கள். 2019-இல் ரைட்டின் மற்ற ஏழு கட்டடங்களோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இனி என் கருத்து. காஃப்மன் குடும்பம் அந்த அருவியை நெடுங்காலமாக அறிந்திருந்தது. வீட்டைக் கீழ்ப்புறத்தில் கட்டி, அங்கிருந்து அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றே எதிர்பார்த்தது. ரைட் வீட்டை அருவியின் தலைமேல் கொண்டுபோய் வைத்தார். இதன் விளைவு, வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் புரிகிறது: உள்ளே எந்த அறையில் அமர்ந்தாலும் அருவி கண்ணில் படுவதில்லை. அதன் ஓசை மட்டும் எல்லா அறைகளிலும் இருக்கிறது. வெளித்தளத்தின் விளிம்புக்குச் சென்று குனிந்து பார்த்தால்தான் நீர் விழும் விளிம்பே தெரிகிறது. நாம் எல்லோரும் கொண்டாடும் அந்தக் காட்சி அவ்வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அன்றாடக் காட்சியாக இருந்ததே இல்லை. ஆகவே அந்த வீட்டின் சிறப்பு அதன் வெளித்தோற்றத்தில் இருப்பதைவிட, உள்ளே இருப்பவரின் காதுக்கும் காலடிக்கும் அது என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய காரணங்களை அறிய விரும்புகிறேன். அடுத்துப் போகவிருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள்.

பிட்ஸ்பர்க்வாசி

நல்ல இழை. நான் பிட்ஸ்பர்க்கில் வசிப்பதால், ஊரிலிருந்து வருகிற உறவினர்களைப் பலமுறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். பென் ஹில்ஸில் உள்ள வெங்கடேசுவரர் கோவிலுக்காகத் தொலைவிலிருந்து பிட்ஸ்பர்க் வருகிற நம்மவர்கள் பலர், மறுநாள் இந்த வீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். கடைசிப் பகுதி முழுவதும் மலைப்பாதை.

முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். வழிகாட்டியோடு சிறு சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுகிறார்கள். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும் வாரங்களுக்கான இடங்கள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். புதன்கிழமை விடுமுறை. கடும் குளிர்கால மாதங்களில் பெரும்பாலும் மூடியிருக்கும். வழக்கமான சுற்றில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வந்து வாசலில் திகைத்து நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

கரைவழி சொல்வதில் எனக்கு உடன்பாடுதான், ஒரு சிறு சேர்க்கையுடன். அந்த ஓசையும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. பனி உருகும் வசந்தத்தில் வழிகாட்டி குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும். மழை குறைந்த கோடையின் இறுதியில் அது மெல்லிய சலசலப்பாகிவிடும். ஓசைக்காகப் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் செல்வது நல்லது.

கம்பியும் கான்கிரீட்டும்

கரைவழி ஐயாவுக்கு வணக்கம். நான் கட்டமைப்புப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். வீட்டை உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்ற உங்கள் கருத்தை மறுக்கவில்லை. ஆனால் இயற்கையோடு இயைந்த கட்டடம் என்ற புகழ்ச்சிக்குள் அந்த வீடு பட்ட துன்பத்தை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கேன்டிலீவர் என்றால் ஒருமுனை மட்டும் பிடிமானத்தில் இருக்க, மறுமுனை தாங்கலின்றி வெளியே நீள்வது என்பது பலருக்கும் தெரியும். நம் வீடுகளின் சன்ஷேடு அதன் மிக எளிய வடிவம். ஃபாலிங்வாட்டரின் வரவேற்பறைத் தளம் தன் தாங்கல்களைத் தாண்டி ஏறத்தாழ 15 அடி வெளியே நிற்கிறது. அதற்கு மேலே உள்ள படுக்கையறை வெளித்தளம், கீழ்த்தளத்தையும் தாண்டி இன்னும் ஆறு அடி நீள்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு தளங்களும் தனித்தனியே மிதப்பதுபோலத் தோன்றும். உண்மையில் மேல்தளம் தன்னைத் தானே தாங்கவில்லை. வரவேற்பறையின் தெற்குச் சாளரத்தில், சட்டங்களைப் போலத் தோன்றும் நான்கு எஃகுத் துண்டுகள் வழியாக அதன் பாரம் கீழ்த்தளத்தின் விளிம்பிலேயே இறங்குகிறது. கேன்டிலீவரில் பாரம் எந்த இடத்தில் வரக் கூடாதோ அந்த இடத்திலேயே இன்னொரு கேன்டிலீவரின் பாரம் வந்து அமர்ந்தது.

கட்டும்போதே இது தெரியாமல் இல்லை. காஃப்மன் தம் பங்குக்குப் பிட்ஸ்பர்க் பொறியாளர்களிடம் வரைபடங்களைக் காட்டினார். அவர்கள் கம்பி போதாது என்றார்கள். ரைட் கடுங்கோபம் கொண்டார். இறுதியில் அப்பொறியாளர்கள் முதல் தளப் பீம்களில் கம்பியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் கான்கிரீட் போடச் செய்தனர். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நின்ற சென்ட்ரிங்கைப் பிரித்தபோது அப்படியும் தளம் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியது. கேன்டிலீவருக்குச் சென்ட்ரிங் அடிக்கும்போது வெளிமுனையைச் சற்று உயர்த்தி அடிப்பது வழக்கம். பின்னால் இறங்கும்போது மட்டத்துக்கு வந்துவிடும். அந்த முன்னேற்பாடு அங்கே செய்யப்படவில்லை. காஃப்மன் மனம் அமைதியடையாமல், 1955-இல் தாம் இறக்கும்வரை கைப்பிடிச் சுவர்களின் மட்டத்தை நில அளவையாளரைக் கொண்டு அளந்து பதிவு செய்துவந்தார். 1990-களில் மீண்டும் ஆராய்ந்தபோது, 15 அடி நீட்டத்தில் ஏழு அங்குலம் வரை தொய்வு இருந்தது. அது நின்றுவிடவும் இல்லை, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே இருந்தது. 1997-இல் ஓடைப் படுகையிலிருந்து எஃகுத் தூண்கள் எழுப்பி முட்டுக் கொடுத்தார்கள்.

2002-இல் கட்டமைப்புப் பொறியாளர் ராபர்ட் சில்மன் குழுவினர் செய்த சீரமைப்பு எங்கள் துறையில் பாடமாகப் படிக்கத் தக்கது. வரவேற்பறைத் தளக்கற்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டுப் பெயர்த்தார்கள். அடியில் இருந்த பீம்களின் பக்கவாட்டில் உயர்வலிமை எஃகு வடங்களைச் செலுத்தி, ஜாக்கி வைத்து இழுத்து முறுக்கேற்றிப் பூட்டினார்கள். பிறகு கற்களை இருந்த இடத்திலேயே பதித்தார்கள். இன்று அந்த வீடு நிற்பது அந்த வடங்களின் இழுவிசையால்தான். அவர்கள் தளத்தைப் பழைய மட்டத்துக்குத் தூக்கவில்லை. சாய்வு அப்படியே இருக்கிறது. மேலும் சாயாமல் தடுத்தார்கள், அவ்வளவுதான். அப்படி முழுவதுமாகத் தூக்கியிருந்தால், அறுபது ஆண்டுகளாகத் தொய்வுக்கு ஏற்பத் தம்மைப் பொருத்திக்கொண்டிருந்த கண்ணாடிகளும் கற்சுவர்களும் உடைந்திருக்கும்.

என் கேள்வி இதுதான். ஓடையும் பாறையும் தந்த ஒழுங்கைப் பின்பற்றி வளர்ந்த வீடு என்று சொல்கிறோம். புவியீர்ப்பும் இயற்கைதானே? அதை மதிக்காத ஒரு கட்டடத்தை இயற்கையோடு இயைந்தது என்று எப்படிச் சொல்வது?

நிழல்தளம்

மேலே எழுதிய மூவருக்கும் நன்றி. நான் கோயம்புத்தூரில் கட்டடக்கலை படிக்கும் மாணவி. எங்கள் வகுப்பில் ஆர்கானிக் கட்டடக்கலை, அதாவது இயற்கையோடு இயைந்த கட்டடக்கலை, என்றவுடன் சங்கு, இலை, எலும்பு போன்ற வளைவான வடிவங்களைத்தான் பெரும்பாலோர் வரைகிறோம். ஃபாலிங்வாட்டரின் தளப்படத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாம் நேர்கோடும் செங்கோணமுமாக இருக்கிறது. கட்டையாகவும் தட்டையாகவும் உள்ள இந்த வீட்டை ஆர்கானிக் கட்டடக்கலைக்கு முதல் எடுத்துக்காட்டாகச் சொல்வதன் காரணத்தை நேரில் பார்த்தவர்கள் விளக்க வேண்டும். பொறியாளர் ஐயா எழுப்பிய கேள்வி எனக்கும் இருக்கிறது.

கரைவழி

நிழல்தளத்தின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பொறியாளர் கேட்டதற்கான என் விடையும் அதிலிருந்தே கிளைக்கிறது.

வடிவத்தைக் கண்டு தேடினால் அந்த வீட்டில் இயற்கை கிடைக்காது என்பது சரி. அங்கே போனால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பள்ளத்தாக்கின் பாறைகளைத்தான். ஓடையின் இரு கரையிலும் மணற்கல், அடுக்கு அடுக்காக, கிடைமட்டமாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. மேல் அடுக்கு கீழ் அடுக்கைத் தாண்டி நீண்டு தன் நிழலைக் கீழே விழவிடுகிறது. வீட்டுத் தளங்களின் நீட்டம் அந்தப் பாறை அடுக்குகள் நீளும் முறையே. சுவர்களுக்கான கல்லை அந்த நிலத்திலேயே வெட்டியெடுத்தார்கள். ஒரே மட்டமாக அடுக்காமல், சில கற்கள் வெளியே நீட்டிக்கொண்டும் சில உள்வாங்கியும் இருக்குமாறு கட்டியிருப்பதால், சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும்போது சுவர் எங்கே முடிந்து மலை எங்கே தொடங்குகிறது என்பது உடனே தெரிவதில்லை. ரைட் படம் வரைவதற்கு முன்பே, நிலத்தில் உள்ள பெரிய பாறைகளும் மரங்களும் குறிக்கப்பட்ட அளவை வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். இலைபோல வரைவதைவிட, அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடித்து அதிலிருந்து வீட்டை வரைவது கடினமான வேலை. அவருடைய முறை அதுதான்.

வரவேற்பறையின் கணப்படுப்பைப் பாருங்கள். அடுப்பின் முன்தளம் கொண்டுவந்து பதித்த கல் அன்று. மலையின் பாறையே தரையைத் துளைத்து மேலே எழுந்து நிற்கிறது. வீடு கட்டுவதற்கு முன் குடும்பத்தார் அமர்ந்து களித்த பாறை அது என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள தளக்கற்களுக்கு மெழுகு பூசிப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். பாறைக்கு மட்டும் மெழுகு இல்லை. அதனால் ஈரம் மின்னும் ஓடைப் படுகையிலிருந்து காய்ந்த பாறை ஒன்று தலை தூக்கியதுபோல அந்தத் தரை தோன்றுகிறது. நான் அந்த அறையில் வேறு எதையும்விட நீண்ட நேரம் பார்த்தது இந்த ஒரு வேறுபாட்டைத்தான். அதே அறையின் மறுபக்கத்தில் கண்ணாடிக் கதவை ஒதுக்கினால், தொங்கு படிக்கட்டு ஒன்று நேரே ஓடையின் நீர்மட்டத்துக்கு இறங்குகிறது. கோடையில் அதன் வழியாகக் குளிர்ந்த காற்று மேலேறி அறைக்குள் வரும்.

இன்னொன்று, கண்ணாடி கற்சுவரைத் தொடும் இடம். மரச்சட்டமோ இரும்புச்சட்டமோ வைத்து மூடாமல், கல்லிலேயே பள்ளம் வெட்டிக் கண்ணாடியைச் செருகியிருக்கிறார்கள். ஆகவே உள்ளே தொடங்கும் கற்சுவர் எந்தத் தடையும் இன்றி வெளியே போய்விடுகிறது. கண்ணாடி இருப்பதையே கண் மறந்துவிடுகிறது. மூலைச் சாளரங்களில் இரண்டு கதவுகளும் வெளிப்புறமாகத் திறந்துகொள்ளும்போது, மூலையில் தூண் இல்லாததால் அறையின் மூலையே இல்லாமல் போகிறது. வாசலிலும் நடைவழிகளிலும் கூரை தணிந்து ஆறரை அடிக்கும் குறைவாகச் சில இடங்களில் இருப்பது, அந்த இறுக்கத்திலிருந்து விடுபட்டு வெளித்தளத்துக்கு நம் கால்கள் தாமாக நடப்பதற்காகவே. முதன்மை வீட்டின் ஏறத்தாழ 5,330 சதுர அடிப் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி வெளித்தளங்களே.

நிறங்களும் அப்படித்தான். கான்கிரீட்டுக்குப் பொன்தகடு பதிக்கலாம் என்று ரைட் முதலில் சொன்னார், வீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். பிறகு தேர்ந்த மஞ்சள், அந்தக் காட்டில் மண்டிக் கிடக்கும் ரோடோடென்ட்ரான் புதர்களின் காய்ந்த இலையின் நிறம். வண்டிப்பாதையின் மேலே வீட்டையும் மலையையும் இணைக்கும் கான்கிரீட் உத்திரங்களில் ஒன்று, அங்கிருந்த மரத்துக்கு இடம் விட்டு வளைந்து செல்கிறது. நிழல்தளம் தேடும் வளைவு அந்த ஓரிடத்தில் இருக்கிறது. மரத்துக்காக வந்த வளைவு அது, அழகுக்காக வந்தது இல்லை.

பொறியாளர் ஐயா கேட்டதற்கு வருகிறேன். தொய்வு குறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தூண் வைத்திருந்தால் அது நீர் ஓடும் படுகையின் நடுவில் இறங்கியிருக்கும். வீடு ஓடையின் மேல் நிற்காமல் ஓடையில் நின்றிருக்கும். ஓடையைத் தொடாமல் விட்டதற்கு வீடு கொடுத்த விலை அந்த ஏழு அங்குலம் என்று நான் எண்ணுகிறேன்.

ஊர்க்குருவி

கரைவழி எழுதியதைப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டை வீடாகவும் பார்க்க வேண்டும். நானும் அங்கே சென்றிருக்கிறேன்.

தொடக்கம் முதலே அந்த வீடு ஒழுகியது. கூரைகள் தட்டையானவை, வெளித்தளங்களோ கீழே உள்ள அறைகளுக்குக் கூரையாகவும் இருப்பவை. மழையும் பனியும் மிகுந்த மலையில், ஓடையின் ஈரக்காற்று எந்நேரமும் மோதும் இடத்தில், இவற்றின் வழியாக நீர் இறங்காமல் இருந்தால்தான் வியப்பு. எழும்பும் பூஞ்சணம் என்று காஃப்மனே அந்த வீட்டுக்குப் பட்டப்பெயர் வைத்ததாகச் சொல்கிறார்கள். உள்ளே சென்றால் ஓத வாடையை இன்றும் உணரலாம். படுக்கையறைகள் மிகச் சிறியவை. அறைகலன்களில் பெரும்பகுதி சுவரோடு சேர்த்துச் செய்யப்பட்டிருப்பதால், அங்கே வாழ்பவர் தம் விருப்பத்துக்கு ஒரு கட்டிலைக்கூட நகர்த்த முடியாது.

செலவையும் பார்ப்போம். முதலில் பேசிய தொகை 20,000 முதல் 30,000 டாலர் என்பார்கள். விருந்தினர் இல்லமும் கட்டடக் கலைஞரின் கட்டணமும் சேர்த்து முடிவில் ஆனது ஏறத்தாழ 1,55,000 டாலர். அதுவும் பெருமந்தக் காலத்தில். வார இறுதிகளில் மட்டும் வந்து தங்கும், பராமரிப்புக்கு ஆட்களை வைத்துக்கொள்ளும் வசதி படைத்த குடும்பத்துக்குத்தான் இது பொருந்தியது. அன்றாடம் சமைத்து, துவைத்து, பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்தால் அங்கே ஓராண்டு வாழ முடியுமா என்பது என் ஐயம். இயற்கையோடு இயைவது என்றால் அந்த வீட்டில் வாழும் மனிதரின் இயல்போடும் இயைய வேண்டும் அல்லவா?

தாம் மட்டுமே சரி என்று ரைட் நின்ற பெருமிதமும் அதில் சேர்ந்திருக்கிறது. மேற்கு வெளித்தளத்தின் கீழே ஒரு தாங்குசுவர் வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்லி, காஃப்மன் அதைக் கட்டச் செய்தபோது, ரைட் தம் சீடரிடம் அந்தச் சுவரின் மேல்வரிசைக் கற்களை ஓசையின்றி எடுக்கச் சொன்னாராம். சில காலம் கழித்து, சுவர் தளத்தைத் தொடவே இல்லை, தளம் தானாகவே நிற்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டினாராம். அந்தக் கதையை வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஏழு அங்குலத் தொய்வை அறிந்த பிறகு அதைக் கேட்டு என்னால் மகிழ முடியவில்லை.

கம்பியும் கான்கிரீட்டும்

ஊர்க்குருவி சொன்ன ஓதப் பிரச்சினை உண்மை. அது இன்றும் தீர்ந்துவிடவில்லை. தீராது என்பதே என் கணிப்பு. அண்மை ஆண்டுகளில் மீண்டும் பெரிய அளவில் வேலை நடந்திருக்கிறது: தட்டைக் கூரைகளிலும் வெளித்தளங்களிலும் நீர்த்தடுப்புப் படலத்தைப் புதுப்பித்தார்கள், கற்சுவர்களின் உள்ளே வெற்றிடங்கள் இருந்ததால் அவற்றில் சாந்துக்கரைசலைச் செலுத்தி அடைத்தார்கள். இரண்டு முகங்களிலும் நல்ல கல் வைத்து நடுவில் துண்டுக் கற்களை நிரப்பிய சுவர் அது. உள்ளே போன நீர் தன் வழியைத் தானே தேடிக்கொண்டு எங்கோ ஓர் அறையில் வெளிவரும். இத்தகைய சுவரில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வேலை நடக்கும் பருவங்களில் கட்டடத்தின் ஒரு பகுதியைச் சாரம் கட்டி மூடியிருப்பார்கள். போகிறவர்கள் அதை இழப்பாகக் கருத வேண்டாம். சாரமும் அந்த வீட்டின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

கரைவழி ஐயா ஏழு அங்குலத்தை விலை என்றார். நான் அதைப் பாதி ஏற்கிறேன். தூண் இல்லாமலே, தொய்வும் இல்லாமல் அதைக் கட்டியிருக்க முடியும். அந்தக் காலத்துக் கணக்கு முறையே அதற்குப் போதும். பீம்களில் இன்னும் கம்பி, மேல்தளப் பாரத்தைக் கீழ்த்தளக் கணக்கில் முறையாகச் சேர்த்தல், சென்ட்ரிங்கில் முன்னுயர்வு ஆகிய மூன்றும் இருந்திருந்தால் 2002-இல் தரையைப் பெயர்த்திருக்க வேண்டியதில்லை. வீட்டை அருவியின் மேல் வைத்தது துணிச்சல். கணக்கில் விட்டது கவனக்குறை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், துணிச்சலான எந்தக் கட்டடமும் தொய்ந்தே தீரும் என்று நிழல்தளம் போன்ற மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதே வேளையில் ரைட்டுக்கு உரியதையும் சொல்ல வேண்டும். வரவேற்பறைத் தளத்தில் பீம்கள் கீழே தொங்கவில்லை; தளப்பலகை அடியில், பீம்கள் அதன் மேலே, அவற்றின் மேல் மரச்சட்டங்கள், அதற்கும் மேல் தளக்கற்கள். ஓடையிலிருந்து பார்ப்பவருக்கு அடிப்பகுதி வழவழப்பான ஒரே பரப்பாகத் தெரிவது அதனால்தான். கைப்பிடிச் சுவர்களையும் அலங்காரமாக விடாமல் கட்டமைப்பின் பகுதியாகவே எண்ணினார். 1930-களில் ஒரு வீட்டுக்கு இப்படிச் சிந்தித்தவர்கள் மிகக் குறைவு.

மலைச்சாரல்

இழையை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். ஒரு நடைமுறைக் கேள்வி. வரும் கோடையில் என் பெற்றோர் ஊரிலிருந்து வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அப்பா பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதால் மிகவும் விரும்பிப் பார்ப்பார். அம்மாவால் அங்கே நடக்க முடியுமா?

பிட்ஸ்பர்க்வாசி

மலைச்சாரலுக்கு: வருகையாளர் மையத்திலிருந்து வீட்டுக்குச் சரளைக்கல் பாதையில் ஏறத்தாழ கால் மைல் நடக்க வேண்டும். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். வீட்டுக்குள் படிகள் குறுகலானவை, எண்ணிக்கையிலும் அதிகம். விருந்தினர் இல்லத்துக்கு இன்னும் ஏற வேண்டும். நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கு உதவி உண்டு. பதிவு செய்யும்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வரவேற்பறை வரை அம்மா வந்தாலே போதும் என்பேன். கரைவழி சொன்ன அடுப்புப் பாறை, ஓடைக்கு இறங்கும் படிக்கட்டு, மூலைச் சாளரம் எல்லாம் அந்தத் தளத்திலேயே இருக்கின்றன. மேல்தளங்களை அப்பா குழுவோடு சென்று பார்த்துவரட்டும்.

நேரம் இருந்தால், ஏறத்தாழ ஏழு மைல் தொலைவில் உள்ள கென்டக் நாப் வீட்டையும் பாருங்கள். ஐஸ்கிரீம் வணிகம் செய்த ஹேகன் குடும்பத்துக்காக ரைட் 1950-களில் கட்டியது. அங்கே அருவி இல்லை. மலைச்சரிவில் ஒதுங்கி, தரையோடு தரையாகப் பதிந்திருக்கும் வீடு. ஊர்க்குருவி கேட்ட கேள்விக்கு ஓரளவு விடை அங்கே கிடைக்கும். ஒரு குடும்பம் அதில் முப்பதாண்டு அளவில் நிரந்தரமாக வாழ்ந்திருக்கிறது.

ஊர்க்குருவி

கென்டக் நாப் வீட்டை நான் பார்த்ததில்லை, பார்க்கிறேன். என் கருத்தில் பெரிய மாற்றம் இல்லை என்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காஃப்மன் குடும்பம் அந்த வீட்டை விற்கவோ இடிக்கவோ இல்லை. ஒழுகும் வீட்டோடு இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, மகன் அதைச் சுற்றியிருந்த காட்டோடு சேர்த்துப் பொதுமக்களுக்குக் கொடுத்தார். இன்று அந்த ஓடையைச் சூழ்ந்து ஏறத்தாழ 5,000 ஏக்கர் காடு காக்கப்படுகிறது. அந்த வீடு இல்லாதிருந்தால் அங்கே சாலையோர விடுதிகள் முளைத்திருக்கவும் கூடும். ஒரு வீடு தன்னைச் சுற்றியுள்ள காட்டைக் காப்பாற்றியிருக்கிறது என்றால், இயைபு பற்றிய என் வாதத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

நிழல்தளம்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு கேள்வி. நான் என்றாவது ஒருநாள் அங்கே போனால், முதலில் கீழ்ப்புறக் காட்சிமுனைக்குச் செல்வதா, நேரே வீட்டுக்குள் செல்வதா?

கரைவழி

வீட்டுக்குள். காட்சிமுனைக்குக் கடைசியில் போங்கள். உள்ளே நின்று எதைக் கேட்டீர்கள், எதைக் காணவில்லை என்பது தெரிந்த பிறகு பார்த்தால், அந்தப் புகழ்பெற்ற காட்சியில் எந்தச் சாளரத்துக்குப் பின்னால் எந்த அறை இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும்.

கம்பியும் கான்கிரீட்டும்

நானும் அதையே சொல்வேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. வரவேற்பறைத் தெற்குச் சாளரத்தில் அந்த நான்கு எஃகுத் துண்டுகளை முதலில் எண்ணி இடம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காட்சிமுனைக்குப் போய், மேல்தளக் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பைப் பின்னால் உள்ள கற்கோபுரத்தின் கிடைவரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிமுனை சற்றே தணிந்திருப்பது கவனமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். அதை ஏட்டில் வரைந்துகொண்டு வாருங்கள். கம்பி எங்கே எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதை இதே இழையில் உங்களோடு சேர்ந்து கணக்கிட்டுப் பார்க்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.